தொலைவில்லை

இரண்டாகப் பிரித்துப் பொருள் கொள்ளத்தக்க சொல் ஒன்று கண்ணில் பட்டால், அதனைப் பிரித்துப் பாராமல் விடுவது தமிழர் வழக்கமன்று. 'டெலிபோட்டோ லென்ஸ்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று ஒருநாள் தேநீர் வேளையில் பேசிக்கொண்டிருந்தோம். லென்ஸ் என்பது வில்லை. தொலைவில் உள்ளதைக் காட்டும் வில்லையாதலால் தொலைவில்லை. அதையே தொலைவு, இல்லை என்று பிரித்தாலும் தொலைவில்லைதான். பிரிமொழிச் சிலேடை என்று இலக்கணம் கூறுவது இதனையே. இச்சிலேடையை முதலில் கண்டவர் யார் என்பதில் எங்கள் மூவருக்குள் இன்றும் வழக்கு உண்டு. அச்சொல்லின் இரண்டாம் பொருள் மெய்தானா என்பதே எங்களை இரண்டு ஆண்டுகளாக ஏரிக்கும் ஆற்றுக்கும் அலையவைத்த கேள்வி.

நாங்கள் மூவர் என்றது மைசூரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஒரே பிரிவில் எழுத்தர்களாக இருப்பவர்களை. ஒருவர் நெல்லைக்காரர், ஒருவர் தஞ்சைக்காரர், ஒருவர் சேலத்துக்காரர். இதனை எழுதும் கை அவற்றுள் எது என்று அன்பர்கள் கேட்க வேண்டா. கருவியைப் போலவே கட்டுரையும் கூட்டுச் சொத்து. நாற்பதைக் கடந்து, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தையும் ஊரில் பாதியில் நிற்கும் வீட்டையும் தோளில் சுமக்கும் எழுத்தர் ஒருவர், பறவைகளைப் படம்பிடிக்க ஆசைப்பட்டால் தனியே துணிய மாட்டார். மூவராய்ச் சேர்ந்தால் துணிவு வரும். வெளிநாடு செல்லவிருந்த இளைஞர் ஒருவர் பயன்படுத்திய கேனன் டிஜிட்டல் கேமராவையும், அதற்குரிய 55–250 மி.மீ. ஜூம் லென்ஸையும் 24,000 ரூபாய்க்கு வாங்கினோம். ஆளுக்கு 8,000. தீபாவளி போனஸோடு கைக்காசும் சிறிது சேர்க்க வேண்டியிருந்தது. அன்றே ஒரு முறைப் பட்டியலும் எழுதிக் கையொப்பமிட்டோம்: முதல் ஞாயிறு இன்னார், இரண்டாம் ஞாயிறு இன்னார் என்று. நடைமுறையில் ஒருவர் முறைக்கு மூவரும் போய்விடுவதால் அப்பட்டியல் பயனற்றுப் போயிற்று.

கருவியைப் பற்றிச் சில சொற்கள். தொலைவில்லை புதுமைப் பொருளன்று. 1891இலேயே இங்கிலாந்தில் டால்மேயர் என்பவர் அதற்கு உரிமை பெற்றிருக்கிறார். நெடுந்தொலைவைக் காட்டும் கண்ணாடிக்குழல் நீண்டுதான் இருக்க வேண்டும் என்ற நிலையை மாற்றி, பின்புறம் ஒரு குழிவில்லைத் தொகுதியைச் சேர்த்து, குழலின் நீளத்தைக் குறைத்ததே அக்கண்டுபிடிப்பின் சாரம். ஜூம் என்பது வேறு. நின்ற இடத்திலிருந்தே காட்சியை விரிக்கவும் சுருக்கவும் இயலும்படி உள்ளிருக்கும் வில்லைகள் முன்னும் பின்னும் நகர்வது ஜூம். சாதாரணப் புகைப்படக் கேமராவுக்கு அது 1959இல்தான் வந்தது. இவ்விரண்டும் கூடிய ஒன்றே எங்கள் கையில் உள்ளது. எங்கள் கேமராவின் உணர்தகடு பழைய பிலிம் சட்டத்தைவிடச் சிறியது. ஆதலால் 250 மி.மீ. என்பது பழைய கணக்கில் 400 மி.மீ.க்கு ஈடாகிறது. 80 மீட்டர் தொலைவில் மரத்தில் இருக்கும் நாரை, ஏறக்குறைய 10 மீட்டரில் நிற்பதுபோல் தோன்றும். எடை 375 கிராம். வீட்டில் தேங்காய் உடைத்த மூடி ஒன்றைக் கையில் ஏந்துவது போலத்தான்.

இத்துணைச் சிறப்பிருந்தும் விலை குறைவானேன்? ஒளியில் கை வைத்திருக்கிறார்கள். லென்ஸின் உள்ளே ஒளி புகும் வாயில் ஒன்று உண்டு. அதன் அளவை 2.8, 4, 5.6 என்று எண்ணால் குறிப்பர். எண் சிறிதானால் வாயில் பெரிது. எங்களுடையது முழு நீளத்தில் 5.6க்கு மேல் திறவாது. 2.8 வரை திறக்கும் விலையுயர்ந்த லென்ஸ் அதே நேரத்தில் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். பெரிய வாயிலுக்குப் பெரிய கண்ணாடி வேண்டும். பெரிய கண்ணாடிக்கு எடையும் விலையும் ஏறும். பறவைப் படக்காரர்கள் தோளில் தூக்கி வரும் 600 மி.மீ. லென்ஸ்கள் மூன்று கிலோ எடையும் பத்து இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட விலையும் உடையவை. எங்களிடையே அவற்றுக்குப் பீரங்கி என்று பெயர். ஒரு பீரங்கியின் விலையில் எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுமனையே வாங்கலாம் என்று தஞ்சைக்காரர் சொல்லுவார். சேலத்துக்காரர் மறுப்பார், அவர் ஊரில் மனை விலை அதற்கும் மேல்.

ஒளியைக் காசு கொடுத்து வாங்க இயலாதவர் அதனைக் காத்திருந்துதான் பெற வேண்டும். குக்கரஹள்ளி ஏரிக்கரையே எங்கள் பள்ளிக்கூடம். 1864இல் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் வெட்டிய ஏரி அது. இப்போது பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி நடைப்பயிற்சியாளர்களின் கோவிலாக விளங்குகிறது. வெயில் ஏறி மண்ணிலும் நீர்ப்பரப்பிலும் காற்று கொதித்து அலையத் தொடங்கிவிட்டால், எந்த லென்ஸ் ஆனாலும் தொலைவில் உள்ளது நீருக்குள் கிடப்பதுபோல் நெளியும். அதற்குப் பீரங்கிக்காரரும் விதிவிலக்கல்லர். விடியலில் ஒளி போதாது. கதிரவன் எழுந்த பின் இரண்டு மணி நேரமே எங்கள் விலைக்கு ஏற்ற பொழுது என்று அறிந்தோம். முழு நீளமாகிய 250இல் விளிம்பு சற்றே குழையும். 200 அளவில் நிறுத்தி, வாயிலை 8க்குச் சுருக்கினால் கூழைக்கடாவின் அலகில் உள்ள புள்ளிகளை எண்ணலாம். கை நடுக்கத்தை ஈடுசெய்யும் பொறி லென்ஸினுள்ளேயே இருக்கிறது. மாற்றிப் பொருத்தும் லென்ஸில் அதனை முதன்முதலில் கேனன் நிறுவனம் 1995இல் சேர்த்தபோது, விலையுயர்ந்த லென்ஸில் சேர்க்காமல் 75–300 மி.மீ. என்னும் எளியதொரு ஜூமிலேயே சேர்த்தது எங்களைப் போன்றோர்க்குப் பெருமை. ஆயினும் அப்பொறி நம் கையைத்தான் நிறுத்தும், பறவையை நிறுத்தாது. பறக்கும் ஆலாவுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியேனும் வேண்டும்.

இன்னொரு நுட்பம், எவரும் சொல்லிக் கொடுக்காமல் கைப்பழக்கத்தால் வந்தது. முழு நீளத்தில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடினால் வானமும் கிளையுமே தெரியும். முதலில் 55இல் விரித்து, பறவையைச் சட்டத்தின் நடுவில் வைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் வளையத்தைத் திருக வேண்டும். பெருவட்டத்தில் தேடிச் சிறுவட்டத்தில் பிடிப்பது. பழைய கோப்பைத் தேடும் முறையும் அதுதான்.

பீரங்கியைக் கண்டு சிறுமை கொள்ளும்போதெல்லாம் நாங்கள் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்வோம். அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர், 1950 முதல் 1996இல் மறையும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கை பற்றி இடையறாது எழுதியவர், தமிழிலும் அரிய கட்டுரைகள் தந்தவர். யானையையும் காட்டெருமையையும் அவர் கறுப்பு வெள்ளையில் படம்பிடித்த கருவி கடையில் வாங்கியதன்று. உடல் ஒன்றிலிருந்தும் கண்ணாடி வேறொன்றிலிருந்துமாக எடுத்துத் தாமே இணைத்து, 'சூப்பர் பாண்டெரோசா' என்று நகைச்சுவையாகப் பெயரும் வைத்திருந்தார். பிலிம் சுருளில் முப்பத்தாறே படம்; ஒவ்வொன்றும் காசு. எங்களுக்கோ ஒரு காலையில் நானூறு படம் எடுத்தாலும் செலவில்லை. செலவின்மையே ஒரு தொல்லை. அலுவலகக் கோப்புகளை நிலையாகக் காப்பன, சில காலம் காப்பன, கழிப்பன என வகுக்கும் வழக்கப்படி, படங்களையும் மாலையில் மூவரும் அமர்ந்து அ, ஆ, இ என வகுப்போம். அ வகையில் ஆண்டுக்கு இருபது தேறினால் அதிகம்.

மைசூர் மழைக்காலம் கண்ணாடிக்குப் பகை. ஈரத்தில் லென்ஸின் உள்ளே பூஞ்சை படரும். சிலந்திவலை போல் தெரியும். படர்ந்துவிட்டால் எடுப்பது அரிது. அதற்கென விற்கும் உலர்பெட்டி வாங்கப் பட்டியலில் நிதி இல்லாமையால், நெல்லைக்காரர் வீட்டு எவர்சில்வர் சம்புடம் ஒன்றில் சிலிக்கா மணிகளோடு வைத்து மூடுகிறோம். நீல மணிகள் ஈரம் குடித்து இளஞ்சிவப்பாகும். சமையலுக்கு உதவாத பழைய வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மீண்டும் நீலமாகும். "முறுக்குச் சம்புடம் போச்சுது" என்று அவ்வீட்டு ஆச்சி முறையிட்டது உண்மை.

ஆச்சி என்றது நெல்லைக்காரரின் தாயாரை. எண்பதைக் கடந்தவர். பிள்ளைகள் அழைப்பதைக் கேட்டு நாங்களும் ஆச்சி என்றே அழைப்போம். நாங்குநேரிப் பக்கத்தவர். கணவர் மறைந்தபின் மகனோடு மைசூருக்கு வந்து ஆறு ஆண்டுகளாகின்றன. கண்ணில் புரை எடுத்தும் ஒரு கண்ணில் பார்வை சரியாகத் திரும்பவில்லை. மொழி தெரியாத தெருவில் நடக்கக் கூச்சம். அவர் உலகம் ஒரு சன்னலும் தொலைக்காட்சியுமாகச் சுருங்கிவிட்டது. அவரைப் பற்றிச் சொல்லுமுன் ஆற்றுக்குப் போய்வர வேண்டும்.

சீரங்கப்பட்டணத்தை அடுத்து, காவிரியின் நடுவே அரங்கனதிட்டு என்னும் சிறு தீவுக்கூட்டம் இருப்பதை மைசூரில் வாழும் நம்மவர் அனைவரும் அறிவர்; ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் அரண்மனைக்கு அடுத்தபடி அழைத்துச் செல்லும் இடம். அதனைப் பறவைகளின் புகலிடமாக்க வேண்டும் என்று 1940இல் உடையார் அரசை இணங்கச் செய்தவர் சாலிம் அலி. 2022இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. கிருஷ்ணராஜ சாகரத்தில் நீரைத் திறந்துவிட்டால் இங்குப் படகு நிற்கும்; அதே நீர்தான் மேட்டூருக்கும் போய்ச் சேர வேண்டும். நாளிதழில் நாம் ஆண்டுதோறும் படிக்கும் கன அடிக் கணக்கு, இங்கே தீவின் விளிம்பில் எத்தனை கூடு நனைந்தது என்ற கணக்காகத் தெரியும்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் துடுப்புப் படகில் சென்றோம். எங்களோடு ஒரு குடும்பமும் ஏறியிருந்தது. மஞ்சள்மூக்கு நாரைகள் மரம் கொள்ளாமல் கூடு கட்டியிருந்தன. சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்குத் தூதுவிட்ட நாரை இதுதான் என்று நம் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை வாதிட்ட பெரியவர் உண்டு. லென்ஸ் அவ்வாதத்தை முடித்துவைத்தது. இதன் அலகு மஞ்சள். புலவர் பாடியதோ பவள நிறம். அது குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் செங்கால் நாரையாதல் வேண்டும்.

படகிலிருந்த குடும்பத் தலைவர் கைப்பேசியை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, மரத்தடிக்கே படகை விடும்படி படகோட்டியிடம் கேட்டார். "பேடா சார், மரி இதெ," குஞ்சு இருக்கிறது என்றார் படகோட்டி. இவர் விடவில்லை. காசு தருவதாகவும் சொன்னார். படகோட்டி துடுப்பை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்தார். அவர் பேசாதிருந்ததன் காரணத்தை நாங்கள் அந்நேரம் லென்ஸ் வழியே கண்டுகொண்டிருந்தோம். வெயில் ஏறிய வேளை. கூட்டின்மேல் தாய் நாரை சூரியனுக்கு முதுகுகாட்டி நின்று, இறக்கைகளை அரைவட்டமாக விரித்துப் பிடித்திருந்தது. அதன் நிழலில் வெண்பஞ்சு போர்த்த மூன்று குஞ்சுகள் வாய்பிளந்து மூச்சுவிட்டன. நிழல் நகர நகரத் தாயும் கால்மாற்றித் திரும்பிற்று. நாம் நெருங்கினால் அது எழுந்து பறக்கும். பறந்தால் குஞ்சுகளுக்கு வெயில். வெயிலுக்கு முன்பே காகம்.

சேலத்துக்காரர் படத்தைக் கேமராத் திரையில் பெரிதாக்கி அக்குடும்பத்துச் சிறுமியிடம் நீட்டினார். சிறுமி எண்ணினாள்: ஒன்று, இரண்டு, மூன்று. தந்தையும் தாயும் தலைசாய்த்துப் பார்த்தனர். பிறகு படகை நெருக்கச் சொல்லும் பேச்சு எழவில்லை. தம் கைப்பேசிக்கு அப்படத்தை அனுப்ப முடியுமா என்றார் அவர், அனுப்பினோம். தொலைவில்லை என்னும் சொல்லின் இரண்டாம் பொருள் பொய் என்று அன்று எங்களுக்குள் முடிவாயிற்று. தொலைவு அப்படியே இருந்தது. அது இருந்ததால்தான் குஞ்சுகளுக்கு நிழல் இருந்தது. படகுக்கும் மரத்துக்கும் இடையில் கிடந்த அந்த நாற்பது ஐம்பது மீட்டர் நீரைக் காப்பதற்கே எங்கள் 24,000 ரூபாய் செலவாயிற்று என்று சொன்னாலும் பொருந்தும்.

அன்று மாலை அதே படங்களை நெல்லைக்காரர் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓட்டினோம். ஆச்சி நாற்காலியைத் திரைக்கு ஓரடி தொலைவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாரை நிழல்பிடிக்கும் படம் வந்ததும் நிறுத்தச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். பிறகு, "ஏ யய்யா, சத்தத்தக் காணலியே?" என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். அவர் பிறந்த ஊர் கூந்தன்குளத்துக்கு அருகே. அங்கே நாரைகளும் கூழைக்கடாக்களும் தெருவிலுள்ள மரங்களிலேயே கூடு கட்டும். தீபாவளிக்கு அவ்வூரார் வெடி வெடிப்பதில்லை. 1994இல் அரசு சரணாலயமாக அறிவிப்பதற்கு நெடுங்காலம் முன்பே ஊர்க்கட்டுப்பாடு அது. சிறுமியாய் இருந்தபோது அத்தை வீட்டு முற்றத்தில் படுத்துக்கொண்டு நாரைகள் அலகோடு அலகு தட்டும் ஓசையைக் கேட்டிருக்கிறாராம். கட்டைத் தாளம் போடுவதுபோல் இருக்குமாம். படத்தில் நாரை இருக்கிறது. தாளம் எங்கே என்பதே அவர் கேள்வி. வாசமும் இல்லையே என்று அடுத்துக் கேட்டார். அந்த வாசத்தைப் பற்றி இம்மலரில் விரித்து எழுதுவதற்கில்லை.

கேமராவில் நிகழ்படமும் ஒலியும் பதிவாகும் என்றார் தஞ்சைக்காரர். அடுத்த ஞாயிறு முயன்றோம். படத்தை 80 மீட்டரிலிருந்து இழுத்து வந்த கருவி ஓசையை இழுத்து வரவில்லை. பதிவானவை துடுப்போசையும் எங்கள் மூவர் பேச்சுமே. கூந்தன்குளத்துக்கு அழைத்துப் போக ஆச்சியின் முழங்காலும் மருத்துவரும் இசையவில்லை. ஓர் இரவு இரயில், பிறகு பேருந்து. அவர் அதன்பின் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஞாயிறு மாலைகளில் படம் போட்டால், பார்த்துவிட்டு முதலிலேயே எழுந்து போனார். நெல்லைக்காரர் அதைச் சொல்லிச் சொல்லி வருந்தினார்.

மைசூரிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில், மத்தூர் வட்டத்தில், கொக்கரெ பெள்ளூர் என்று ஓர் ஊர். கொக்கரெ என்றால் கன்னடத்தில் நாரை. ஷிம்ஷா ஆற்றுக்கு அருகே, கரும்பும் நெல்லும் விளையும் சாதாரணச் சிற்றூர். ஆனால் தை மாதம் தொடங்கி ஊரின் புளியமரங்களிலும் அரசமரங்களிலும் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் நிறைந்துவிடும். பேறுகாலத்துக்குத் தாய்வீடு வரும் மகள்மார் என்று ஊரார் அவற்றைச் சொல்கிறார்கள். கூடு இருக்கும் மரத்தில் புளி உலுக்குவதில்லை. மரத்தடியில் விழும் எச்சத்தை எருவாக்கிக்கொள்கிறார்கள். 1994 முதல் மைசூர் இயற்கை ஆர்வலர்கள் அங்கே தங்கி ஊராரோடு சேர்ந்து உழைத்து, 'ஹெஜ்ஜார்லெ பளக', அதாவது கூழைக்கடாவின் சுற்றத்தார் என்னும் இளைஞர் குழு உருவாயிற்று. கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்ப்பது அவர்கள் பணி. 2007இல் அவ்வூர் சமுதாயக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

பங்குனியில் ஒரு வாடகைக் காரில் ஆச்சியை முன்னிருக்கையில் அமர்த்தி, மூன்று குடும்பத்திலும் ஏறத்தக்கவர் ஏறிக்கொண்டு, புளிச்சோறும் வடகமுமாகப் போனோம். ஊருக்குள் கார் நுழைந்ததும் முதலில் வந்தது வாசம். ஆச்சி கண்ணாடியை இறக்கச் சொன்னார். மற்றவர் ஏற்றச் சொன்னோம். ஆச்சி வென்றார்.

ஒரு வீட்டுத் திண்ணைக்கு எதிரே புளியமரம். அவ்வீட்டு அம்மையார் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, ஆச்சியின் தலையைக் காட்டிச் சிரித்து, கையால் குடை என்று குறிப்புக் காட்டினார். ஆச்சிக்குக் கன்னடம் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. குடை விரிந்தது. தலைக்கு மேலே இருபதடியில் கூடுகள். சற்று நேரத்தில் ஆண் நாரை ஒன்று குச்சியோடு வந்து இறங்கியது. பெட்டை தலையை நிமிர்த்தியது. இரண்டும் அலகு தட்டத் தொடங்கின. மரம் முழுதும் அதைப் பின்பற்றித் தட்டிற்று. ஆச்சி பார்வை சரியில்லாத கண்ணையும் சேர்த்து இரண்டு கண்களையும் மூடிக்கொண்டார். "இதுதாம்லே," என்றார். அவ்வீட்டு அம்மையார் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவத் தொடங்கினார். ஆச்சியும் கொஞ்சம் வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

எங்கள் லென்ஸுக்கு அங்கே வேலையில்லாமல் போயிற்று. 250இல் வைத்தால் நாரையின் கழுத்து மட்டும் தெரிந்தது. 100இல் வைத்தால் கூடு மட்டும். கடைசியில் சேலத்துக்காரர் தெருவின் மறுகோடிக்குப் பின்னால் பின்னாலே நடந்துபோய், வளையத்தை 55க்குத் திருகி, மரம், கூடு, குடை, குடைக்குக் கீழ் கீரை உருவும் இரண்டு பெண்கள் என எல்லாம் அடங்க ஒரு படம் எடுத்தார். அ வகையில் இவ்வாண்டுக்கு அதுவே முதல் எண்.

திரும்பும் வழியில் ஆச்சி தூங்கிவிட்டார். குடையைக் கழுவ மறுநாள் மூன்று வாளித் தண்ணீர் பிடித்தது என்று நெல்லைக்காரர் வீட்டில் சொன்னார்கள்.